மீதி நான்கு கோயில்கள்

உள் அறையிலிருந்து இருமல் கேட்டது. வறண்ட இருமல். முழங்காலில் முறிவெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஐயப்பனின் கை அப்படியே நின்றது. இன்னொன்று. அதன்பின் இன்னொன்று. பிறகு மனைவி சபிதாவின் குரல்: "ஒண்ணுமில்ல மக்கா, ஒண்ணுமில்ல. அம்மை இருக்கேன்லா."

மூன்று வயதாகப்போகும் நந்தனாவுக்கு நேற்றிலிருந்து சளி. உலகத்தில் எந்தக் குழந்தைக்குத்தான் சளி பிடிக்கவில்லை? ஆனால் மகள் இருமும் ஒவ்வொரு முறையும் யாரோ விரல் நீட்டித் தன் நெஞ்சில் குத்துவதுபோல் இருந்தது ஐயப்பனுக்கு. நீதான், நீதான், நீதான். ஒரு வருடமாக இந்தக் குத்தல். சபிதாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது என்று வைத்திருந்தான்.

ஐயப்பனுக்கு நாற்பத்திரண்டு வயது. பேச்சிப்பாறை போகும் வழியில் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவன். பதினேழு வயதில் கத்தியைப் பிடித்தான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூற்றைம்பது மரம். மரத்துக்கு ஒருமுறை முழங்காலை மடக்க வேண்டும். பால் சிரட்டையில் சேர்ந்ததும் அதை எடுக்க, மறுபடி அதே முந்நூற்றைம்பது. மனிதனுக்கு வலித்தால் வாய்விட்டு அழலாம். முழங்காலுக்கு வாய் ஏது?

கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லை. இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்தது. மூன்றாவது முறை ஏழாம் மாதமே சபிதாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, அறுத்துத்தான் எடுத்தார்கள். ஒரு கையில் அடங்கும் பிள்ளை. உடனே நாகர்கோவிலுக்குக் கொண்டுபோ என்றார்கள். போன ஆம்புலன்ஸ் வண்டியில் குறைமாதப் பிள்ளையை வைக்கும் சூடுபெட்டி இல்லை. ஐயப்பன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, பஞ்சில் சுற்றிய மகளைத் தன் வெறும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். தக்கலை தாண்டும்போது பிள்ளையின் உடம்பு குளிர்ந்துகொண்டே வந்தது. பெற்ற வயிறு மட்டுமா எரியும்? "மகாதேவா, இவள எனக்கு விட்டுத் தா. மூணு வருசம் சாலயம் ஓடுதேன்" என்று வண்டிக்குள்ளேயே கதறினான்.

சாலயம் என்று ஊரார் சொல்வது சிவாலய ஓட்டத்தை. சிவராத்திரியை ஒட்டி, காவித் துணியும் கையில் பனையோலை விசிறியுமாக, "கோவிந்தா, கோபாலா" என்று கூவியபடி பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடியே போய்த் தொழுவது. நூறு கிலோமீட்டருக்கு மேல். ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்பார்கள்.

அறுபத்தொரு நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கிடந்து மகள் பிழைத்தாள். முதல் வருடம் ஐயப்பன் பன்னிரண்டு கோயிலும் ஓடினான். இரண்டாம் வருடம், எட்டாவது கோயிலான மேலாங்கோட்டில், குளத்துப் படியில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. கூட ஓடியவர்கள் போய்விட்டார்கள். வெயில் தாழும்வரை பார்த்தான். பிறகு நொண்டி நொண்டி ரோட்டுக்கு வந்து, கடைசிக் கோயில் இருக்கும் நட்டாலத்துக்குப் பஸ் ஏறினான். காவியைப் பார்த்த கண்டக்டர் காசு வாங்கவில்லை. "கோவிந்தனுக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அந்தக் கும்பிடு ஐயப்பனைச் சுட்டது. நட்டாலத்தில் முங்கி, பிரசாதம் வாங்கி, எல்லாம் ஓடி முடித்தவனைப்போல் வீட்டுக்கு வந்து மகளின் நெற்றியில் பூசினான்.

நாலாம் நாள் நந்தனாவுக்கு நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.

அன்று பிடித்தது இந்தப் பயம். சாமி ஏமாறாது, கணக்கைப் பிள்ளையிடம் தீர்க்கிறது என்று நம்பிவிட்டான். இந்தச் சிவராத்திரிக்கு முதல் கோயிலிலிருந்து மறுபடி ஓடியே ஆகவேண்டும். போன மாதம் காலைப் பார்த்த டாக்டரோ, "இன்னும் ஒரு தடவை அப்படி ஓடினால் மரத்தடியில் உட்காரவே முடியாது, தொழிலை மறந்துவிடு" என்று சொல்லிவிட்டார். அதையும் அவன் வீட்டில் சொல்லவில்லை.

"வீட்டுல ஆளுண்டுமா?"

வாசலில் குடையை மடக்கியபடி ஜெபகனி சிஸ்டர் நின்றாள். அந்த அறுபத்தொரு நாளும் நந்தனாவின் பெட்டி அருகே நின்ற நர்ஸ். இரவு டியூட்டி முடித்து, அப்படியே ஞாயிறு ஆராதனைக்குப் போய், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதங்களைத் தரையில் வைத்தாள்.

"ஐயப்பா, உனக்க போனு அலங்காரத்துக்கா? எட்டு தடவ விளிச்சேன்."

"டவரு கிட்டாது சிஸ்டர்."

"எனக்கிட்ட பொய் சொல்லாத. மணி அடிச்சுது. சபிதா, கொஞ்சம் தண்ணி தா மக்கா. பிள்ள எங்க?"

சபிதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்தாள். நந்தனா சிஸ்டரைப் பார்த்து முகத்தை அம்மாவின் தோளில் ஒளித்தாள்.

"பாத்தியா! ராத்திரியெல்லாம் உறங்காம காத்தவளுக்கு இவ தருத மரியாதைய" என்று சிஸ்டர் சிரித்தாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

அந்தப் பிரிவில் பிழைத்த குழந்தைகளின் குடும்பங்கள் சேர்ந்து, வருகிற ஞாயிறு வட்டக்கோட்டையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடப் போகிறார்கள். "நாங்கள் ஓடுகிறோம், உங்களால் ஆனதைக் கொடுங்கள்" என்று ஒவ்வொரு குடும்பமும் சொந்தக்காரர்களிடம் கேட்டுச் சேர்க்கிறது. காப்பாற்றியவர்களுக்கு ஒரு நன்றி. மலைப்பக்கத்திலிருந்து குழந்தைகளைக் கொண்டுவரும் வண்டிக்கு அவர்கள் கையால் ஒரு சூடுபெட்டி.

"பிள்ளைய பாத்த டாக்டரும் ஓடுதாரா?" சபிதா கேட்டாள்.

"அவருக்க வயித்த பாத்திருக்கியா? கொடி காட்ட மட்டும் வருவாரு. ஓட்டம்னுதான் பேரு மக்கா, முக்காவாசிப் பேரு நடப்பாவ. அதான் ஓடத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு முன்னால வேணும். நோட்டீசு நாளைக்கு அச்சுக்குப் போவுது. வாசிக்குதேன், கேளு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "'மகளின் உயிருக்காக இரண்டு ஆண்டுகள் பன்னிரண்டு சிவாலயங்களையும் ஓடி முடித்த தந்தை ஐயப்பன் தலைமையில்...'"

சபிதாவின் முகம் மலர்ந்தது. செக்கப்புக்குப் போனபோது பெருமையோடு சிஸ்டரிடம் சொன்னவள் அவள்தான். அந்த மலர்ந்த முகத்தைப் பார்க்கத்தான் ஐயப்பனால் முடியவில்லை.

"அந்த வரிய வெட்டணும் சிஸ்டர்."

"ஏன்? இன்னைக்குச் சபையில வாசிச்சாச்சு. போதகரு பிரசங்கத்துலயே சேத்துக்கிட்டாரு, பாருங்க எப்பேர்ப்பட்ட தகப்பன்னு!"

"நான் ஓடல்ல."

சொல்லிவிட்டான். ஒரு வருடம் மறைத்து வைத்தது இரண்டே சொல்லாக வெளியே விழுந்தது. அதன்பின் எல்லாமே வந்தது. மேலாங்கோட்டுப் படி, பஸ், கண்டக்டரின் கும்பிடு, பொய்ப் பிரசாதம், டாக்டர் சொன்னது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சபிதா பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

"பஸ்ஸுலயா?" என்றாள்.

"ம்."

"டிக்கெட்டும் எடுக்கல்ல."

"அவரு வாங்கல்ல..."

"கொண்டு வந்து பிள்ளைக்க நெத்தியில பூசினீங்க. நானும் கண்ணுல ஒத்திக்கிட்டேன்." அவள் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். "ஒரு வருசமா ஒரே பாயில படுத்திட்டு, வாய் தொறக்கல்ல!"

"இந்த வருசம் முதல்லயிருந்து ஓடித் தீத்துருவேன். காலு போனா போவட்டும். பிள்ள இருமுறதக் கேக்க எனக்கு முடியல்லட்டி."

"காலு போனா யாருக்க தலையில விழும்? நாளைக்கு மரம் வெட்ட நான் போவேனா, இவ போவாளா?"

அவள் கத்திய வேகத்தில் பிள்ளை விம்ம ஆரம்பித்தது. சபிதா அதைத் தட்டிக்கொடுத்தபடி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கோபத்துக்கும் பலம் வேண்டுமே! யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"நாப்பதாம் நாளுன்னு நெனைக்குதேன். மூணு மணிக்கூருக்கு ஒருக்க பாலு பிழிஞ்சு பிழிஞ்சு கை மரத்துப் போச்சு. வயித்துல போட்ட தையலு ஆறல்ல. அந்த வராந்தாவுல பாய விரிச்சுக் கெடந்தேன். இவளுக்கு மூச்சு நிக்கும், வரும், நிக்கும், வரும். அப்ப நெனச்சேன்... போறதா இருந்தா இன்னைக்கே போவட்டும், நான் வீட்டுல போய் உறங்குவேன்னு."

ஐயப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"பெத்தவ நெனைக்கக்கூடியதா இது? ஒவ்வொரு காய்ச்சலுக்கும் எனக்க அந்த நெனப்புதான் காரணம்னு நான் சாவுதேன். நீங்க பஸ்ஸ நெனச்சிட்டுக் கெடக்கிய. நான் அந்தப் பாய நெனச்சிட்டுக் கெடக்கேன்."

அவள் அழவில்லை. அழுது முடித்து வெகு நாளான கண்கள் அவை. ஐயப்பன் கையை நீட்டினான். அவள் கை எட்டவில்லை, முந்தானையின் நுனிதான் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

ஜெபகனி சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நாப்பதாம் நாளுதானே? பத்தாம் நாளே நெனைச்ச அம்மைமாரு உண்டு. நீ வாயால சொல்லிட்ட, அவ்வளவுதான்" என்றாள். "நானும் யோக்கியமில்ல. எனக்க டியூட்டியில ஒண்ணும் ஆவக்கூடாது, அடுத்தவளுக்க டியூட்டியில ஆவட்டும்னு எத்தன ராத்திரி நெனச்சிருக்கேன். மனுசருக்கு அசந்து போவும் மக்கா. பிள்ளைய இஞ்ச தா."

நந்தனாவை மடியில் போட்டு, முதுகில் காது வைத்துக் கேட்டாள். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ ரப்பர் ஷீட்டு அடிக்கும் மிஷினைச் சுற்றும் ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சளி. வெறும் மூக்குச்சளி. நெஞ்சுல ஒண்ணுமில்ல. கொறமாசப் பிள்ளையளுக்கு அஞ்சு வயசு வர இப்படி வந்துட்டுத்தான் இருக்கும்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொன்னேனா இல்லியா? ரெண்டு பேரும் தலைய ஆட்டினிய. இதுல உனக்க சாமிக்கும் பங்கில்ல, எனக்க சாமிக்கும் பங்கில்ல."

ஐயப்பன் நம்பினானா? நம்ப வேண்டும்போல் இருந்தது. அதற்குமேல் அவனிடம் தெம்பில்லை.

சிஸ்டர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். "அப்ப யாருக்க பேர எழுத?"

"எனக்க பேர எழுதுங்க" என்றாள் சபிதா.

"நீ ஓடுவியா?"

"ஓட மாட்டேன். நடப்பேன். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமா எவ்வளவு நடந்திருக்கேன். இவரு பிள்ளைய வச்சுக்கிட்டுக் கன்னியாகுமரியில நிக்கட்டும்."

"சபிதா" என்று மெதுவாகக் கூப்பிட்டான் ஐயப்பன். "சாமிக்குச் சொன்னது?"

"இந்த வருசம் மால போட வேண்டாம். முதல் வருசம் பன்னிரண்டு, போன வருசம் எட்டு. மீதி நாலு கோயிலுதானே? பிள்ளைக்குச் சுகமான பொறவு நாம மூணு பேருமா போவோம். பஸ்ஸுல. டிக்கெட்டு எடுத்து."

"அது ஓட்டமாவாதுட்டி. மூணாவது வருசமும் உண்டுல்லா."

"ஆவாதுதான். அத நான் சாமிக்கிட்ட சொல்லிக்கிடுதேன். சண்ட போடணும்னா எனக்கிட்ட போடட்டும். இந்தக் கால வச்சுத்தான் நாங்க கஞ்சி குடிக்கோம்னு அதுக்குத் தெரியாமலா இருக்கும்?"

ஐயப்பனின் பயம் இன்னும் இருந்தது. அதோடு வாதாடத்தான் அன்று அவனால் முடியவில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். முந்தானை நுனி இன்னும் அவன் கையில் இருந்தது.

சிஸ்டர் நோட்டீசில் சபிதாவின் பேரை எழுதி, தாளை மடித்துப் பையில் வைத்தாள். காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று சபிதா சொன்னதற்கு, "நாலரை பஸ்ஸ விட்டா பொறவு நிப்புதான். இன்னைக்கும் நைட் உண்டு" என்று செருப்புக்குள் பாதங்களைத் திணித்தாள். ஐயப்பன் சுவரைப் பிடித்து எழப்போனான்.

"இருங்க அங்ஙன" என்றாள் சபிதா. மிரட்டல்தான். ஆனாலும் அதில் பழைய உரிமை இருந்தது.

அவள் பிள்ளையை அவன் மடியில் இறக்கிவிட்டு வாசல்வரை போனாள். சிஸ்டர் படியிறங்கி, குடையை விரித்து, ஒருமுறை திரும்பி, "ஞாயிறு காலத்தே அஞ்சரைக்கு, கேட்டியா?" என்றாள். சபிதா தலையசைத்தாள். குடை ரப்பர் மரங்களுக்கு நடுவே சிறுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைமேல் குளிர்ந்த காற்று படாமல் கதவைச் சாத்தினாள்.