சுவரில் தெரிந்த அரக்குச் சிவப்பு

எண்பதுகளின் ஆரம்பம். உத்திரமேரூரில் தறி நெய்துகொண்டிருந்தேன். ஒரு கல்யாணப் புடவையைக் கொடுக்கச் சென்னையில் ஒரு வீட்டுக்குப் போனபோதுதான் இந்த வம்பு ஆரம்பித்தது. அந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு சின்னக் குளம். அடுக்கிய கல்லிலிருந்து தண்ணீர் அருவியாக விழுகிறது, கீழே சிவப்பு மீன்கள் சுற்றுகின்றன. புடவையைப் பிரித்துக் காட்டுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் போச்சு, சோறு இறங்காது.

ஊருக்கு வந்ததும் தோட்டத்தில் குழி வெட்ட ஆரம்பித்தேன். "ஊர்ல இம்மாம் பெரிய ஏரி கீது, வூட்டுக்குள்ள வேற ஒண்ணு வேணுமா?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் கேட்டால்தானே? இடுப்பளவு வெட்டி, செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு நாலைந்து தடவை மாற்றினேன். பக்கத்து வீட்டின் மண் சுவர்தான் எங்கள் தோட்டத்துக்கு எல்லை. அந்தச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்குக் கருங்கல்லை அடுக்கினேன். தண்ணீரை மேலே ஏற்ற ஒரு சின்ன மோட்டார். சென்னையிலிருந்து ஐந்து சிவப்பு மீன்களைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் அருவி விழுந்தபோது, தலையில் அடித்துக்கொண்டவளே தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

ஒரு வாரம்தான் அந்தச் சந்தோஷம். காலையில் விளிம்பு வரை இருக்கும் தண்ணீர் சாயங்காலத்துக்குள் நாலு விரல் இறங்கிவிடும். ஓட்டையோ என்று காயவைத்து மறுபடி பூசினேன். அப்படியும் இறங்கியது. ஆனால் மோட்டார் போடாத நாளில் தண்ணீர் அப்படியே நிற்கிறது! ஓட்டை இருந்தால் இரண்டு நாளும்தானே இறங்க வேண்டும்? கொத்தனாரைக் கேட்டால், வெயில் குடிக்கிறது என்றார். மோட்டார் போட்ட நாளில் மட்டும் வெயிலுக்குத் தாகம் எடுக்குமா என்ன?

யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோய், கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா மேல் சந்தேகம் வந்தது. மோட்டார் சத்தத்தில் யார் வந்து மொண்டுகொண்டு போனாலும் தெரியாதே! ஒரு நாள் ஜாடையாகக் கேட்டும் விட்டேன். "எங்க வூட்ல கெணறு கீது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் அவருடைய முதல் குழந்தை காய்ச்சலில் போயிருந்தது. இப்போது கையில் மூன்று மாதப் பெண் குழந்தை, அதுவும் நோஞ்சான். அப்படிப்பட்டவரிடம் போய்க் கேட்டேனே, எனக்கெல்லாம் புத்தி எங்கே போயிற்றோ.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. தண்ணீரில் சாயத்தைக் கலந்துவிட்டால், அது எங்கே போகிறதென்று தானே காட்டிக்கொடுக்காதா? மீன்களை அண்டாவுக்கு மாற்றினேன். புடவைக் கரைக்காகக் கலந்து மீதியிருந்த அரக்குச் சாயத்தைக் குளத்தில் கொட்டி மோட்டாரைப் போட்டேன். அருவி சிவப்பாக விழுந்ததைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மத்தியானம் வரை கால்வாய், தென்னை அடி, கிணற்றடி எல்லாம் தேடினேன். எங்கேயும் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. தண்ணீர் மட்டும் வழக்கம்போல இறங்கியிருந்தது. சரி, நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று, தண்ணீரை மாற்றி, மீன்களை விட்டு, பழையபடி அருவியை ஓடவிட்டேன்.

மூன்று நாள் கழித்துக் காலையில் தெருவே பரபரப்பாக இருந்தது. பக்கத்து வீட்டில் அம்மன் வந்திருக்கிறாளாம். நானும் மனைவியும் ஓடினோம். பின்கட்டு அறையில், சுண்ணாம்பு அடித்த சுவரில் பெரிதாகச் சிவப்பு இறங்கியிருந்தது. பார்க்கப் பார்க்க முகம் மாதிரியேதான் இருந்தது. மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது, கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. "என் பொண்ணைக் காக்க ஆத்தாவே வந்துகீறா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். குழந்தையின் தூளியையும் அந்தச் சுவரோரமே மாற்றிக் கட்டியிருந்தார், அம்மன் காலடியில் கிடக்கட்டும் என்று.

கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் நிறம் கண்ணில் உறைத்தது. குங்குமச் சிவப்பு இல்லை அது. அரக்கு. என் கையால் கலந்த அரக்கு எனக்குத் தெரியாதா? தொட்டுக் கும்பிடுவதுபோலச் சுவரில் விரலை வைத்தேன். விரல் உள்ளே போனது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மோட்டாரை நிறுத்தினேன். "இன்னாங்க, பேயறஞ்ச மாதிரி கீறீங்க?" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னதும், இப்போதே போய்ச் சொல்லுங்கள் என்றாள். எப்படிச் சொல்வேன்? ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையிலிருந்து அவள் அம்மனையும் பிடுங்குவதா? மோட்டாரைத்தான் நிறுத்தியாச்சே, சுவர் தானே காய்ந்துவிடும், பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனசு. தூளி அங்கேயே கிடக்கிறதே என்று இன்னொரு மனசு. அங்கேயும் இங்கேயும் நடந்தேன். கடைசியில் ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். கல்லுக்குப் பின்பக்கமாக வழிந்த தண்ணீர், எலி வளை வழியாக நேராகச் சுவருக்குள் போயிருந்தது. மண் களியாகிக் கிடந்தது.

ஓடினேன். கும்பலுக்கு நடுவில் நின்று, "அக்கா, அது அம்மன் இல்ல, என் சாயம். சுவர் ஊறிப்போச்சு, குழந்தையைத் தூக்கிடுங்க" என்று கத்திவிட்டேன். சாமி குத்தம், நாத்திகம், பொறாமை என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். நான் சுவரில் விரலை அழுத்திக் காட்டினேன். அக்கா என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

அன்று மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது சுவர் விழுந்தது. போய்ப் பார்த்தால், வெறும் தூளி மண்ணுக்கு அடியில் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. "வெறும் தண்ணியா கசிஞ்சிருந்தா ஓதம்னு நானும் வுட்டிருப்பேன், நீயும் வந்து பாத்திருக்க மாட்ட. செகப்பா வந்ததாலதான் நீ வந்த, கொயந்த பொயச்சுது. அந்தச் சாயத்தை உன் கையில எடுத்துக் குடுத்தது யாரு தம்பி?" என்றார்.

அருவிக் கற்களைப் பிரித்து அவர் வீட்டுப் புதுச் சுவருக்கு அஸ்திவாரமாகப் போட்டுக் கட்டிக்கொடுத்தேன். மீன்களை அக்காவே கேட்டு வாங்கித் தன் வீட்டுக் கல்தொட்டியில் விட்டுக்கொண்டார். அந்தப் பெண் தவழ ஆரம்பித்ததும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது அந்த மீன்களைப் பார்க்கத்தான்.

தண்ணீர் எங்கே போனது என்ற குழப்பம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அக்கா கேட்ட கேள்விக்குத்தான் இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அடுத்த வீட்டுக்காரர் மேல் சந்தேகம் வரும்போதெல்லாம், என் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்த்துவிடுகிறேன்.