பவுடர் டப்பாத் தகரம்

இன்று காலை குக்கர் விசிலடிக்க மறுத்துவிட்டது. மூடியின் ஓரத்தில் ஏதோ ஓர் இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் அரிசி விறைப்பாக என்னையே பார்த்தது. தனியாகப் பொங்கித் தின்கிறவனுக்கு இது சின்ன விபத்தல்ல. கேஸ்கட்டைக் கழற்றி எடுத்துப்போய்க் கீழ்வீட்டு அம்மாவிடம் கொஞ்ச நேரம் ஃபிரீசரில் வைக்கச் சொன்னேன். குளிர்ந்தால் இறுகும் என்று யாரோ சொன்னதை நாட்டில் எல்லோரும் நம்புகிறோம். "தாத்தா, இது மூணாவது வாட்டி. புதுசு வாங்குங்க, இல்லேன்னா குக்கர் உங்களை ஒரு நாள் மேல அனுப்பிரும்" என்று அன்பாகச் சொல்லி வாங்கி வைத்தார்.

குக்கர் வந்த பிறகுதான் நம் அடுப்படிகளுக்குக் கேஸ்கட் என்ற சொல் தெரியும். எனக்கு அது வேறு வழியாக, ஒரு காரிலிருந்து வந்தது. சத்தமும் இதே சத்தம்தான். ஒரு வித்தியாசம்: குக்கர் உள்ளேயிருப்பதை வெளியே விடும், அந்தக் கார் வெளியேயிருப்பதை உள்ளே இழுத்தது. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து தரும். அதை இன்ஜினின் வாய்களுக்குப் பங்கிட்டுக் கொண்டுபோகும் கிளைக்குழாய்க்கு இன்லெட் மேனிஃபோல்ட் என்று பெயர். அது இன்ஜினோடு சேருமிடத்தில் கேஸ்கட் பழுதானால், கேட் பாஸ் இல்லாத காற்று உள்ளே நுழையும். இன்ஜின் குளிர்ஜுரக்காரன் மாதிரி நடுங்கும். சும்மா நிற்கும்போது கத்தும், இழுக்க வேண்டிய இடத்தில் படுத்துக்கொள்ளும்.

எழுபதுகளின் நடுவில் அப்படி ஒரு கார் பாலாநகர் பக்கம் சாலையோரத்தில் படுத்துக் கிடந்தபோதுதான் நான் ஹைதராபாதுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போயிற்று. பிறகு விஜயவாடாவில் லாரி கிளீனர், நாக்பூரில் டீசல் பம்ப்புக் கடை, நடுவில் எங்கேயோ மஞ்சள்காமாலை. ஹைதராபாதுக்கு ஏன் வந்தேன் என்று கேட்காதீர்கள். ரயில் அங்கே நின்றது, டிக்கெட் பரிசோதகர் ஏறினார், நான் இறங்கினேன்.

காரைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் தமிழிலேயே, "சார், மேனிஃபோல்ட்ல காத்து வாங்குது" என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் தமிழ் கேட்டதும் காரை மறந்துவிட்டார். "எந்த ஊருடே நீ?" என்றார். துரைராஜ் சார் திருநெல்வேலிக்காரர். நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு பெரிய அரசுத் தொழிற்சாலையில் ஃபிட்டிங் பிரிவில் இன்ஜினியர். பெயர் எதற்கு, அந்தக் காலத்தில் அந்த ஊரில் அப்படிப்பட்ட தொழிற்சாலைக்குப் பஞ்சமில்லை. வீடு உயரத்துக்கு இயந்திரம் செய்கிற இடம். அதன் குடியிருப்பில் அவருடைய குவார்ட்டர்ஸ், பக்கவாட்டில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் கார், காருக்கும் சுவருக்கும் இடையில் அன்றிலிருந்து நான்.

அவர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். கம்பெனி பஸ் ஷெட்டில் மெக்கானிக் இடம் ஒன்று காலியாகிறது. ட்ரேட் டெஸ்ட் ஒன்று வைப்பார்கள், அதில் தேறினால் போதும். படிப்பைப் பற்றி ரொம்பக் கேட்க மாட்டார்கள். "அதுவரைக்கும் இங்கன கெட. கார் வேலைல கூடமாட ஒத்தாசையா இரி" என்றார். மாதம் பிறந்தால் சம்பளம், மழைக்கு ஒதுங்க ஓர் இடம், ஐம்பத்தெட்டு வயது வரை யாரும் போகச் சொல்லாத வேலை. எனக்கு அப்போது இருபத்தாறு. ஒரே ஊரில் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இப்போது சொன்னால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மேனிஃபோல்ட் வேலையில் முதல் ஞாயிற்றுக்கிழமை சுலபமாகப் போயிற்று. ராணிகஞ்சில் புது கேஸ்கட் வாங்கினோம். கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "பழசை நல்லாச் சுரண்டிட்டுப் போடுங்க மியான், அவ்வளவுதான்" என்றார். அதைச் செய்து, நட்டுகளை இறுக்கி, இன்ஜினைக் கிளப்பினோம். 'ஸ்ஸ்ஸ்.'

அங்கேதான் விசுவநாதன் சார் வந்து சேர்ந்தார். அடுத்த குவார்ட்டர்ஸ், தஞ்சாவூர்க்காரர், தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன். அந்தத் தொழிற்சாலையில் எந்தப் பொருளும் அவருடைய பச்சை அட்டை கட்டப்படாமல் ஓரடி நகராது. எனக்கு வைக்கப்போகும் ட்ரேட் டெஸ்டில் மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறவரும் அவர்தான் என்பதைத் துரைராஜ் சார் முதல் நாளே காதில் போட்டுவிட்டார். அதனால் அவர் கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் நான் ஸ்பேனரைக்கூட மரியாதையாகப் பிடித்துக்கொள்வேன்.

"ஓய் துரைராஜ், கேஸ்கட் என்ன பண்ணும்? மேனிஃபோல்டோட முகம் கோணியிருக்கு. ஃபேஸ் சரியில்லாம சீல் எப்படி ஆகும்?" என்றார். அதில் தப்பில்லை. உண்மையிலேயே கோணியிருந்தது. ஆனால் லாரி ஷெட்டில் இதை ஒரு பெரிய அரத்தை வைத்து, ஒரு பீடி முடிவதற்குள் சரிசெய்வார்கள். இவர்கள் இருவரும் மயிரிழையை நான்காகப் பிளந்து அளக்கிறவர்கள். கண்ணாடி போன்ற இரும்புப் பலகையில் நீலம் தடவுவார்கள். மேனிஃபோல்டை அதன் மேல் தேய்ப்பார்கள். நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் சீவுவார்கள். மறுபடி நீலம், மறுபடி சீவல். இரண்டாவது ஞாயிறு முழுவதும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பது மாதிரி அந்த இரும்பின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சாயங்காலம் விசுவநாதன் சார், "இன்னும் வரணும்" என்றார்.

பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருந்தது, புகையை வெளியே கொண்டுபோகிற குழாய். அந்த இன்ஜினில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் அண்டை வீட்டுக்காரர்கள்; ஒரே நட்டு, ஒரே அகல வாஷர், இரண்டின் காதுகளையும் சேர்த்து அமுக்கும். "சார், அதையும் சேத்துத் தேய்ச்சிரலாமா?" என்று கேட்டேன்.

"ஏம்ப்பா, அதுல என்ன கம்ப்ளெயின்ட்?"

"ஒண்ணும் இல்லை சார்."

"அப்போ இல்லாத வியாதிக்கு எதுக்கு மருந்து?"

நான் ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினேன்.

இந்த ஞாயிறுகளில் நஷ்டம் முழுவதும் கிரேஸ் அக்காவுக்கு. துரைராஜ் சாரின் மனைவி. செகந்திராபாதில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசினால் நடுவில் ஊர் உருது எட்டிப்பார்க்கும். கம்பெனி பஸ் ஷிப்ட் நேரத்துக்குத்தான் ஓடும். கர்த்தருக்கு ஷிப்ட் கிடையாது. செகந்திராபாதிலிருக்கும் தங்கள் கோயிலுக்குப் போய்வரத்தான் அவர்கள் அந்தக் காரையே வாங்கினார்கள். "கோயிலுக்குப் போகக் கார் வாங்கினாங்க. இப்ப கார் இருக்குறதால கோயிலுக்குப் போறதில்லை" என்று கொட்டகை வாசலில் நின்று பொதுவாகச் சொல்வார். துரைராஜ் சார் தலையை பானெட்டுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டுக்கொள்வார். "எனக்கு நக்கோப்பா உங்க இன்ஜினியரிங்" என்று, வேண்டாம் என்பதை அந்த உருதில் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விடுவார்.

மூன்றாவது ஞாயிறு பதினோரு மணிக்கு அந்த முகம் முழுவதும் நீலம் சீராக ஒட்டியது. விசுவநாதன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு, நூலால் மேனிஃபோல்டில் கட்டினார். துரைராஜ் சார் கை கொடுத்தார். மாட்டினோம். கிளப்பினோம்.

'ஸ்ஸ்ஸ்.' முன்பைவிடக் கொஞ்சம் திடகாத்திரமாக.

மூன்று பேரும் அதைக் கேட்டோம். விசுவநாதன் சார் அட்டையைப் பார்த்தார். "மேனிஃபோல்டா இருக்க முடியாது" என்றார். "ஓ.கே. ஆயிடுத்தே. சத்தம் கார்புரேட்டர்லேர்ந்து வரது." துரைராஜ் சாரும் யோசித்துவிட்டு, "அதாத்தான் இருக்கும்" என்றார். கார்புரேட்டருக்கு நான்காவது ஞாயிறு ஒதுக்கப்பட்டது. இருவரும் சாப்பிடப் போனார்கள். அவரவர் வீட்டில் மோர்க்குழம்பும் மீன்குழம்பும் காத்திருந்தன.

எண்ணெய் கேனை எடுத்து மேனிஃபோல்ட் சேருமிடத்தில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டை உறிஞ்சிக்கொண்டு சீறல் ஒரு நொடி நின்றது. அங்கேதான். இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். இரண்டு ஞாயிறு அரத்தால் சீவியதில் இன்லெட்டின் கனம் குறைந்துவிட்டது. எக்ஸாஸ்ட் பழைய கனத்திலேயே நின்றது. அகல வாஷர் உயரமான எக்ஸாஸ்டின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்லெட்டைத் தொடவே இல்லை. பையிலிருந்த பஸ் டிக்கெட்டை நான்காக மடித்து உள்ளே விட்டேன். தாராளமாகப் போய் வந்தது. உலகத்திலேயே தட்டையான அந்த முகத்தை அமுக்கிப் பிடிக்கத்தான் ஆளில்லை.

"அக்கா, பழைய தகர டப்பா ஏதாச்சும் இருக்கா?"

"கைக்கு?" அக்கா உருதில் 'எதுக்கு' என்று கேட்டார்.

சொன்னேன். கேட்டுவிட்டு அவர் உள்ளே போய், ரோஜாப்பூப் படம் போட்ட பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அடியில் கொஞ்சம் பவுடர் பாக்கியிருந்தது. தையல் கத்தரியையும் தந்தார், ஒரு நீண்ட பெருமூச்சோடு. ஒவ்வொரு வாஷருக்கும் இன்லெட் பக்கம் இரண்டு துண்டு வெட்டி அடியில் செருகி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நட்டுகளை இறுக்கினேன். கிளப்பினால் சீறல் இல்லை. இன்ஜின் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற பூனை மாதிரி முனகியது.

கிரேஸ் அக்கா சிரிக்கவில்லை. "இந்தா, கேளு. அவங்க வந்து தானா சரியாச்சுன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். நீ ஆமான்னு 'ஹவ் சார்' போட்டுத் தலையாட்டு. உனக்கு வேலை வேணும், எனக்குக் கோயில் வேணும். புரிஞ்சுதா?"

அப்படியே நடந்தது. ஏப்பத்தோடு வந்த விசுவநாதன் சார் காது கொடுத்துக் கேட்டார். "பார்த்தேளா! கேஸ்கட் செட்டில் ஆயிடுத்து. சூடு பட்டா செட்டில் ஆகும்னு எனக்குத் தெரியும்." பிறகு மூக்கை உறிஞ்சினார். "என்ன ஓய், உம்ம இன்ஜின் கல்யாண வீடு மாதிரி மணக்கறது?"

சூடேறிய தகரத்திலிருந்து ரோஜாப் பவுடர் மணந்துகொண்டிருந்தது. "புது கேஸ்கட் வாசனையா இருக்கும்" என்றார் துரைராஜ் சார். "ஹவ் சார்" என்றேன் நான். கதவுக்குப் பின்னால் கிரேஸ் அக்காவுக்கு இருமல் வந்தது.

பத்து நாள் கழித்து ட்ரேட் டெஸ்ட். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விசுவநாதன் சார் என்னைத் தெரியாதவர் மாதிரி பார்த்தார். அது அவருடைய நேர்மை. பிறகு தன் சமீபத்திய வெற்றியிலிருந்தே கேள்வி கேட்டார்; அது என் அதிர்ஷ்டம். "இன்லெட் மேனிஃபோல்ட் லீக். என்ன பண்ணுவே?"

நீலம், பலகை, அரம், எல்லாம் ஒப்பித்தேன். தலையாட்டிக்கொண்டே வந்தார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"அப்புறமும் சத்தம் வந்தா?"

பதில் எனக்குத் தெரியும். ஓட விடுவேன் சார், செட்டில் ஆகிவிடும். ஒரு வாக்கியம்தான். அதைத் தாண்டி அந்தப் பக்கம் சம்பளமும் கூரையும் நின்றன. ஆனால் மூன்று ஞாயிறு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த கை எனக்குள் எங்கேயோ குடைந்துகொண்டிருந்தது.

"வாஷருக்கு அடியில ரெண்டு துண்டு தகரம் வைப்பேன் சார்" என்றேன். "தேய்ச்சதுல இன்லெட் கனம் குறைஞ்சிருக்கும். வாஷர் அதைத் தொடாது."

பேனா நின்றது. விசுவநாதன் சார் மேசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அவர் மூக்கு லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். ரோஜா வாசனை இப்போதுதான் அவருக்கு முழுதாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். "வாஷருக்கு அடியில பேக்கிங் வைக்க யார் அப்ரூவல் குடுத்தா?" என்று கேட்டார்.

தேறியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. "ஒரு வாக்கியம் கூடப் பேசிட்டியேல தம்பி" என்றார் துரைராஜ் சார், செருப்பைப் பார்த்துக்கொண்டு. கிரேஸ் அக்கா புளிச்சோறு கட்டிக்கொடுத்தார். நான் சனத்நகரில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே டெஸ்ட் வைக்கவில்லை; சம்பளமும் எப்போதாவதுதான் வைத்தார்கள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாதில் அந்தக் கோயில் வாசலில் காரைப் பார்த்தேன். ஆராதனை முடிந்து வந்த துரைராஜ் சார் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் பானெட்டைத் திறந்து காட்டினார். தகரம் இல்லை. வாஷருக்கு அடியில் பித்தளைத் துண்டுகள்; ஓரம் மழுக்கி, எண் பொறித்து, பளபளவென்று. "விசு டிராயிங் போட்டுக் குடுத்தாரு. அளவெல்லாம் அச்சாப் பொருந்திட்டு. என்ன மூளை, பாத்தியா!" கூடவே ஒரு பச்சை அட்டையும் தொங்கியது. ஆக, தகரம் தேறிவிட்டது, பித்தளையாகப் பதவி உயர்வும் பெற்றுவிட்டது. கிரேஸ் அக்கா சற்றுத் தள்ளி நின்று என்னைப் பார்த்தார். புதுச்சேலை, தலையில் பூ, மூன்று மாதமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அவருக்கு வேண்டியது கிடைத்திருந்தது. எனக்கு அன்று அது போதுமென்றுதான் தோன்றியது.

இப்போது அந்தக் கார் இல்லை. துரைராஜ் சார் இல்லை. விசுவநாதன் சார் இல்லை. கொட்டகை நின்ற இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது என்று சொன்னார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த மேசைக்கு முன்னால் நின்ற இருபத்தாறு வயதுக்காரனையும் பிறகு எங்கும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ ஊரில், எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அப்புறமும் சத்தம் வந்தால் என்ன செய்வாய் என்று வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். செட்டில் ஆகிவிடும் சார் என்றேன். எல்லா இடத்திலும் உடனே வேலை கொடுத்தார்கள்.