தலைகீழாக நட்ட கன்னிக்கால்

என் கலியாணத் தாலிக்குப் பொன்னுருக்கிய அன்று எங்கள் முற்றத்தில் கன்னிக்கால் நட்டார்கள். கன்னிக்கால் என்பது முள்முருக்கந் தடி. அது வேர்விட்டுத் தழைத்தால் குடும்பமும் தழைக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. நல்ல நேரம் முடியப்போகிறதென்று எல்லோரும் அவசரப்படுத்த, அம்மான் தடியின் நுனியைக் குழிக்குள் விட்டு அடியை மேலே நிறுத்திவிட்டார். மண் போட்டு, பால் ஊற்றிய பிறகுதான் கண்டார்கள். நட்ட காலைப் பிடுங்கவும் கூடாது.

கலியாணத்தன்று மாப்பிள்ளையின் பெரியம்மா, எனக்கு மாமி முறை, அதைப் பார்த்துவிட்டு, "உது எங்கை முளைக்கப்போகுது?" என்றார். என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார்.

அந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தது. மாமியின் அந்தச் சொல்லுக்காகவே காலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். விடிந்ததும் கிணற்றில் அள்ளும் முதல் வாளி அதற்குத்தான். ஆடு கிட்டப் போனால் கல்லெடுத்தேன். ஒரு நாள் பட்டையைப் பிளந்துகொண்டு பச்சையாக ஒரு குருத்து வந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை. அது வளர்ந்து, ஒரு மாசியில் இலையெல்லாம் கொட்டிச் சிவக்கச் சிவக்கப் பூத்தபோது, ஒழுங்கையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பிறகு, கூப்பனுக்கு அரிசி அளந்து கொடுத்த பஞ்சக் காலத்தில் அதே மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய மகளுக்குக் கலியாணம்.

"கன்னிக்காலுக்கு உன்ரை மரத்திலைதான் பிள்ளை ஒரு தடி வெட்டவேணும்."

கத்தியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

"ஓம் மாமி, வெட்டுங்கோ. இது எந்தப் பக்கம் நட்டாலும் முளைக்கும்."