மாமாவின் துப்பாக்கியும் நான் தூக்கிய கையும்

யாரும் என்னைக் கேட்காதபோது நான் ஏன் கையைத் தூக்கினேன்? ஏழு மாதமாகிறது. சோறு வடிக்கும்போதும் சரி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ரயிலில் போகும்போதும் சரி, இதே கேள்விதான். பதில் இன்னும் கிடைக்கவில்லை.

என் மாமனாருக்குக் கிள்ளானில் ஒரு சிறிய நகைக்கடை. மாலையில் கடையை மூடும்போது நல்ல நகைகளை ஒரு பழைய டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்தப் பதினைந்து நிமிடப் பயணத்துக்காகத்தான் இருபது வருடத்துக்கும் மேலாகக் கைத்துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருந்தார். ஒருமுறைகூட அதை யாரிடமும் நீட்டியதில்லை. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் என்னைக் கூப்பிடுகிற மனிதர் அவர்.

நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். துப்பாக்கி அவர் அறை அலமாரியில், நான்கு எண்களை அமுக்கினால் திறக்கிற ஓர் இரும்புப்பெட்டியில் இருக்கும். தோட்டாக்கள் வேறொரு டப்பாவில், மேல்தட்டில். லைசன்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது அதையெல்லாம் பார்வையிட ஒரு போலீஸ் சார்ஜன் வீட்டுக்கு வந்தார். நம் தமிழ் ஆள்தான். தேநீரை ஊதி ஊதிக் குடித்துவிட்டு அறைக்குள் போனார்.

"அங்கிள், இந்தப் பெட்டி நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான் பாஸ். என் மகனுக்கே தெரியாது."

"எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?"

"மண்டையிலதான் இருக்குலா. யாரு வந்து எடுக்கப் போறா?"

அப்போது என் மகளுக்கு மூன்றரை வயது. ஒரு கையில் பிஸ்கட்டோடு இருவருக்கும் நடுவில் புகுந்து போனவள், மற்றொரு கையால் நான்கு எண்களை அமுக்கினாள். பீப் என்றது. கதவு திறந்துகொண்டது.

"என் பர்த்டே," என்றாள் சார்ஜனைப் பார்த்து.

மாமாவுக்குப் பேத்தி மீது அவ்வளவு பிரியம். அவருடைய கைப்பேசி, வங்கி அட்டை, மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற நாலு நம்பர் லாட்டரி எல்லாமே அவள் பிறந்தநாள்தான். அதை அவளை மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தொலைந்துபோனால் பெயரும் பிறந்தநாளும் சொல்லத் தெரியவேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, காரில் போகும்போதெல்லாம் சொல்ல வைத்தேன். கைப்பேசியில் அமுக்கியும் பழக்கினேன். பொறுப்பான அம்மா என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சார்ஜன் பெட்டியை மெல்ல மூடினார். "பாப்பாவுக்கு நல்ல ஞாபகசக்தி," என்று சொல்லிவிட்டு, தன் நோட்டில் வெகுநேரம் எழுதினார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. துப்பாக்கி பாதுகாப்பாக வைக்கப்படவில்லை, அதனால் லைசன்ஸ் புதுப்பிக்கப்படாது. ஆட்சேபம் இருந்தால் மாநில மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம். மாமா துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து, அன்றைக்கு இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார்.

மேல்முறையீட்டுக் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. காப்புறுதி அலுவலகத்தில் தினமும் மலாயில் கடிதம் எழுதுகிறவள் நான்தானே என்றார் என் கணவர். எட்டு முறை எழுதி எட்டு முறை கிழித்தேன். மாமா, தன் விரல் ரேகையும் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கிற புதுப் பெட்டி ஒன்று வாங்கி, தன் அறைச் சுவரோடு சேர்த்து முடுக்கிவைத்தார். அதன் படங்களையும் ரசீதையும் இணைத்தேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஷா ஆலமில் விசாரணை. நீதிமன்றம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். அது ஒரு சாதாரணக் கூட்ட அறை. நீள மேசை, தண்ணீர் போத்தல்கள், ஒரு தட்டில் பாதி தின்ற குவே பலகாரம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி முக்காடு போட்ட நடுவயதுப் பெண். ஆசிரியை போல நிதானமாக மலாயில் விளக்கினார். போலீஸ் செய்த வேலையை நாங்கள் மறுபடி செய்யமாட்டோம். மறுத்ததற்கு என்ன காரணம், அது அன்றைக்குச் சரியா, இன்றைக்கும் இருக்கிறதா, இவ்வளவுதான் பார்ப்போம் என்றார்.

ஒருவர் நகைகளைக் கடையிலேயே வைத்தால் என்ன என்று கேட்டார். தூக்கம் வராது என்றார் மாமா. மற்றொருவர் கண் பார்வை, ரத்த அழுத்தம் பற்றியெல்லாம் கேட்டு மருத்துவச் சான்றிதழைப் புரட்டினார். என் கடிதத்தை மூவரும் கைமாற்றிப் படித்தார்கள். தலைவி படங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக அவர் மாமாவிடம் கேட்டார்.

"சார்ஜன் வந்த நாளுக்கு முன்னால் குழந்தை எப்போதாவது பெட்டியைத் திறந்ததுண்டா?"

"இல்லை புவான். அதுதான் முதல் தடவை. நிச்சயமாகச் சொல்கிறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

சார்ஜன் வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன், துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாமா அறையிலிருந்து பீப் என்று கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மகள் பெட்டிக்கு முன்னால் நிற்கிறாள். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதை மூடிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மாமாவிடம் அன்றிரவே சொல்ல நினைத்தேன். அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள், அவர்தான் சரியாக மூடாமல் போயிருப்பார், இவள் சும்மா அமுக்கியிருப்பாள் என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிட்டது.

அந்த அறையில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் கை தானாக மேலே போனது. சொன்னேன். தலைவி எழுதிக்கொண்டு, "நன்றி புவான்," என்றார்.

திரும்பும் வழியில் மாமாதான் வண்டியை ஓட்டினார். கிள்ளான் ஆற்றுப் பாலம் வந்ததும் கேட்டார்.

"இத எத்தன மாசமா வயித்துல வச்சிருந்தம்மா?"

"நாலு மாசம் இருக்கும் மாமா."

"வீட்லயே சொல்லியிருக்கலாம்ல. ஷா ஆலம் போயி, ஏர்கான் ரூம்ல உக்காந்துதான் சொல்லணுமா?"

பிறகு வண்டியை நிறுத்தி எனக்கும் பேத்திக்கும் வடை வாங்கினார். என் கணவர்தான் விடவில்லை. "நீ அப்பா பக்கம் பேசப் போனியா, போலீஸ் பக்கம் சாட்சி சொல்லப் போனியா?" என்று ஒரு வாரம் கேட்டார்.

குழுவின் முடிவு தபாலில் வந்தது. லைசன்ஸ் உண்டு. ஆனால் துப்பாக்கி நகைக்கடையில் இருக்கும் பெட்டகத்தில்தான் இருக்கவேண்டும், அதை விட்டு வெளியே வரக்கூடாது. ஆறு மாதம் கழித்து அந்த நிபந்தனையை மாற்றச் சொல்லி மனுச் செய்யலாம். ஆக, துப்பாக்கி கடையில் பத்திரமாகத் தூங்குகிறது. மாமா டிபன் பையை எடுத்துக்கொண்டு தனியாக வருகிறார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று போன் போடுகிறேன்.

"சிக்னல்ல இருக்கேன்மா. நீ போன் பண்ணாம இருந்தா சீக்கிரம் வந்துருவேன்."

இந்த வாரத்தோடு ஆறு மாதம் முடிகிறது. மனுவை நானே எழுதவேண்டுமாம். அதில் குழு கேட்கிற ஒரு வரி: குழந்தையின் தாய்க்கு ஆட்சேபம் இல்லை. கீழே என் கையெழுத்து. போன ஞாயிற்றுக்கிழமை மகள் காலியாக இருக்கும் புதுப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். "தாத்தா, இதுக்கு இப்ப யாரோட பர்த்டே?" என்று கேட்டாள். மாமா இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு உட்கார்ந்து எழுதப் பார்த்தேன். அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை.

கையெழுத்துப் போட்டால் துப்பாக்கி திரும்பி வந்த இந்தப் பெட்டி முன்னால் நிற்கிற என் மகள். போடாவிட்டால் சிக்னலில் தனியாக நிற்கிற மாமா. வீட்டில் சின்னப் பிள்ளைகளையும் வயதான கடைக்காரரையும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். நீங்களாக இருந்தால் போடுவீர்களா? போடமாட்டீர்கள் என்றால், அதை அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? இந்த முறை வீட்டிலேயே சொல்லிவிட நினைக்கிறேன். தினமும் மாலையில் பையைக் கீழே வைத்ததும், "எழுதிட்டியாம்மா?" என்று கேட்கிறார்.