புலித்தலைச் செருப்பும் பாலகுருவும்

காலையில் கடைக்கு வரும் இரண்டு டீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் ஒரு மடக்கு கூட இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பாலகுரு ஒன்றை எடுப்பார். நிறைந்தது தனக்கு, குறைந்தது கௌஸ் முகைதீனுக்கு. துபாய்ப் பக்கம் அஜ்மானில் சீனக்காரர்கள் கடை போட்டிருக்கும் வரிசையில், மேடம் லியூவின் துணிச் செருப்புக் கடையில் இருவரும் சேல்ஸ்மேன்கள். பாலகுரு ஐந்து வருடம் சீனியர். அதைச் சொல்லாமல் அவர் யாரிடமும் அறிமுகமானதில்லை.

சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். ஒல்லி உடம்பு, உள்ளே விட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. வியாபாரத்தில் கில்லாடி, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செருப்பின் அடிப்பாகத்தை வளைத்துக் காட்டுவார். "முப்பது அடுக்கு துணி சார். கஞ்சிப் பசை போட்டு ஒட்டி, சணல் நூல்ல கையால தச்சது. அவுக ஊர்ல கல்யாணப் பொண்ணு, மாப்ள வீட்டு ஆளுகளுக்கெல்லாம் இதத் தச்சுக் குடுக்கணுமாம். தையலப் பாத்துத்தான் பொண்ணு கொணத்தச் சொல்லுவாக." இதே வசனத்தைச் சொல்லி கௌஸ் முகைதீன் ஒரு ஜோடி விற்றுவிட்டால் போதும், அன்று முழுக்க வயிற்றெரிச்சல்தான். "எங்கிட்டக் கத்துக்கிட்டு எங்கிட்டயே யாவாரமா?"

தன் சங்கதி மட்டும் வெளியே கசியக் கூடாது. லீவில் போவதை டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் சொல்வார். ஊரில் மனைவி உமாராணிக்குப் பெண் பிறந்து பத்து மாதம் ஆகிறது. கடையில் யாருக்கும் ஒரு மிட்டாய்கூடத் தரவில்லை. "பாய் கண்ணு லேசுப்பட்ட கண்ணு இல்ல. வாட்ச் நல்லாருக்குன்னு சொன்னான், மறுநாளே நின்னு போச்சு" என்பார் ரூமில்.

கௌஸ் முகைதீன் நேரெதிர். மகன் பிறந்த செய்தி வந்ததுமே வரிசை முழுக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தார். மேடம் கைதட்டிச் சிரித்தார். மறுநாளிலிருந்து சிவப்புத் துணியில் எதையோ தைக்க ஆரம்பித்தார். முடித்தபோது அது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு. முனையில் புலி முகம்: மஞ்சள் மீசை, தூக்கிய காது, உருட்டி விழிக்கும் கண். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு அவர்கள் ஊரில் இதைப் போட்டுவிடுவார்களாம். "டைகர் ஐ பிக். பேட் ஐ மாஃபி, கலாஸ்!" என்று கடை அரபியில் சொல்லி, கெட்ட கண் இல்லை, தீர்ந்தது என்பதுபோல் கையை உதறிக் காட்டினார்.

கண்ணேறு கழிக்கும் செருப்பு! அது யாருடைய கண்ணுக்குப் பயந்து பாலகுரு பத்து மாதமாக வாயைக் கட்டியிருந்தாரோ, அந்த ஆள் வீட்டுக்கே போகிறது. பொறாமையில் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. தன் மகளுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் பிறந்தநாள். அவள் காலில் அந்தப் புலி இருந்தாக வேண்டும். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் மேடம் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"மேடம், ஃபைவ் இயர் நான் சீனியர். நியூ மேனுக்கு டைகர். எனக்கு மாஃபி. ஒய்?"

மேடம் திருதிருவென்று விழித்தார். "பாலா, யூ பேபி மாஃபி."

"பேபி இருக்கு மேடம்!"

போட்ட சத்தம் பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டது. சொன்ன பிறகுதான் பாலகுரு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேடம் கோபிக்கவில்லை. மிச்சமிருந்த சிவப்புத் துணியை மேசைமேல் விரித்தார். போட்டோ இருந்தால் காட்டு, கால் எப்படி என்று பார்க்கிறேன் என்று சைகையால் கேட்டார். பாலகுரு பர்ஸைத் திறந்தார்.

"அண்ணே, புள்ள பொறந்திருக்கா? சொல்லவே இல்லயே!" கௌஸ் முகைதீன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து பக்கத்தில் நின்றார். "காட்டுங்கண்ணே, யாரு ஜாடைன்னு பாப்போம்."

பாலகுரு போட்டோவை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். பெருவிரலால் மகளின் முகத்தை அழுத்தி மூடிக்கொண்டு, "காலு இதுதான்" என்றார்.