அத்தையின் கட்டைவிரல் நகம்

எங்கள் அத்தையின் கல்யாணம் ஏழெட்டு மாதம் ஒரு கட்டைவிரல் நகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டில் நான்கு தறிகள். நூலுக்குக் கஞ்சி போடுவது அப்பாவின் தங்கையான அத்தையின் வேலை. காலையில் கஞ்சியில் கையை விட்டால் மதியம்தான் எடுப்பாள். அந்த ஈரத்திலேயே கிடந்து அவளுடைய வலது கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரத்தில் மாவாக உதிர்ந்தது. வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெண் பார்க்கப் பள்ளிபாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மாதான் காப்பித் தம்ளரை வாங்கும்போது கண்டுகொண்டார்.

"மொதல்ல நகம் சரியாகட்டுங்க, அப்பறம் தட்டு மாத்திக்கலாமுங்க" என்று எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளைக்கு அது இரண்டாம் கல்யாணம். அத்தையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "இந்த எடம் எனக்கு வேண்டாமுங்கண்ணா" என்று அத்தை முந்தின நாளே சொல்லிப் பார்த்திருந்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா அவளைச் சேலத்துக்குத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். எட்டு வயதுக்காரி நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்து, "நகத்துல இருக்கிறது காளான்மா. தடிச்ச இடத்தை அரத்தால மெதுவாத் தேய்ச்சு, ஈரமில்லாமத் துடைச்சுட்டு, காலையிலயும் ராத்திரியும் ரெண்டு சொட்டு விடணும். அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. கஞ்சியில கை வைக்காதே. மருதாணி, பாலிஷ் எதுவும் வேண்டாம். அந்த அரத்தை வேற யாரும் தொடக்கூடாது" என்றார்.

எருக்குழியோரம் மழைக்கு முளைக்கும் காளான், அத்தையின் நகத்துக்குள்ளிருந்து குடை விரிக்கப்போகிறது என்று எனக்கு ஒரே பரபரப்பு. தினமும் எட்டிப் பார்த்தேன். குடை வரவில்லை. நல்ல நகமும் வரவில்லை. மருந்து எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, புட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பத்து நாளாகியும் மருந்து அந்தக் கோட்டிலேயே நின்றது.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. மறுநாளிலிருந்து கஞ்சி வேலை அம்மாவுக்கு, மருந்து போடும் வேலை எனக்கு என்றாகிவிட்டது.

என்னைவிடக் கறாரான கம்பவுண்டர் சேலம் ஜில்லாவிலேயே இருந்திருக்கமாட்டார். அரத்தைத் தனி டப்பாவில் போட்டு ஒளித்துவைத்தேன். அம்மா மருதாணி அரைத்தபோது அத்தையின் அந்த ஒரு விரலைப் பிடித்து விலக்கிக்கொண்டேன். நகத்தின் அடியில் அரிசி முனையளவு நல்ல நிறம் தெரிந்த அன்று தெருவெல்லாம் சொல்லிவந்தேன்.

"இன்னும் எத்தன நாளாவும் சாமி?" என்று அத்தை அடிக்கடி கேட்பாள்.

பாவம், அவசரப்படுகிறாள் என்று நினைத்து, "சீக்கிரம் ஆயிரும் அத்தே" என்று தைரியம் சொல்வேன்.

நுனியில் மட்டும் மஞ்சள் மிச்சமிருந்த சமயம், பள்ளிபாளையத்தார் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மறுநாள் காலை மருந்து விட விரலைப் பிடித்தபோது அத்தையின் கண்ணீர் என் கைமேல் விழுந்தது. எரிச்சல் எடுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு வரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"எரியுதா அத்தே? எரிஞ்சா நிறுத்திரலாம். அப்பாகிட்ட நான் சொல்றேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன், எல்லோரும் நம்பியிருப்பார்கள். அத்தை முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டு, விரலை மறுபடி நீட்டினாள்.

"எரியல சாமி. நீ போடு" என்றாள்.

எரியவில்லை என்றால் அழுகை எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நிம்மதியாக இரண்டு சொட்டு விட்டு, ஓரமெல்லாம் படும்படி தடவி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.