துவைக்கிற மிஷின்காரர் சினிமாவில் சிக்கிய விவரம்

மிஷின்காரரை ஒரு நடிகை மயக்கி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள் என்றும், பெண்டாட்டி நேரே போய்ச் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள் என்றும் தெருவில் ஒரு பேச்சு. முடிதிருத்துகிறவர் கடையில் கேட்டால் ஒரு நடிகை. தையற்கடையில் கேட்டால் இரண்டு. பழக்கடை வரைக்கும் நடக்கத் தெம்பு இருந்தால் ஒரு நடனக் குழுவே கிடைக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். நடிகை இருந்தது உண்மை. அந்த நடிகைக்கு இரண்டு முட்டியிலும் வலி இருந்தது அதைவிட உண்மை.

அவர் ஒரு பெரியம்மா. வீடு அவருடையது. துவைக்கிற மிஷினில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மிஷின்காரருக்குப் போன் செய்துவிட்டு, செய்ததையே மறந்துவிட்டார். தங்கச்சி மகள் அந்த வீட்டுக்குள் சினிமா எடுத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். சிரிப்புப் படம். எடுக்கிறவள் முகத்தில் மட்டும் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. விளக்கு கூடாது, பாட்டு கூடாது, பவுடர் கூடாது, ஒரு காட்சியை ஒரு தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு குண்டூசி உள்ளே வரக் கூடாது. ஆள் உடம்பில் போட்டிருக்கிறதோடு வரலாம், அவ்வளவுதான். இதற்கெல்லாம் மேலே ஒன்று: கேமராக் கண்ணில் பட்டவர் கதைக்குள் வந்தாச்சு. வந்த காரியம் முடியாமல் அவர் படி தாண்டினால் அதுவரை எடுத்தது அத்தனையும் குப்பை.

"அப்ப சாப்பாடு?" என்று பெரியம்மா கேட்டாராம்.

"வயித்துக்குள்ள போறது பொருள் கணக்குல வராது பெரியம்மா."

மிஷின்காரருக்கு ஒரு வழக்கம். கருவிப்பெட்டியைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதலில் வெறுங்கையோடு போய் மிஷினைப் பார்ப்பார். அன்றைக்கும் அப்படித்தான் போனார். கூடத்தில் பெரியம்மா யாரிடமோ அழுதுகொண்டிருந்தார். நமக்கெதற்கு என்று குறுக்கே நடந்து, மிஷின் இருந்த இடத்துக்குப் போய், சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரால் முன்தகட்டைக் கழற்றிப் பார்த்தார். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் கிழிந்து நாராகத் தொங்கியது.

"புது ரப்பர் போடணும். கடைக்குப் போய் எடுத்துட்டு வர்றேன்" என்று திரும்பினால் எதிரே கேமரா. அதற்குப் பின்னால் டைரக்டர் பெண், பேயறைந்த மாதிரி.

"அண்ணே, நீங்க போக முடியாது."

"பெட்டியையாவது எடுத்துக்கிறேன்மா."

"அது வெளியில இருக்கு. வெளியில இருக்கிறது வெளியிலதான்."

சட்டைப்பை ஸ்க்ரூடிரைவரைப் பற்றி ஒரு விசாரணை நடந்து, அது சட்டையைச் சேர்ந்தது என்று தீர்ப்பாயிற்று.

போடி பெண்ணே என்று அவர் இறங்கி வந்திருக்கலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் அவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிரித்த மிஷினைப் பிரித்தபடி விட்டுவிட்டு ஒரு வீட்டுப் படி இறங்கியதில்லை. அப்படி இறங்குகிறவன் மெக்கானிக் இல்லை, உடைக்கிறவன் என்று ஊரெல்லாம் பேசி வைத்திருந்தார். இப்போது ரப்பர் உள்ளே வராமல் மிஷின் ஓடாது. மிஷின் ஓடாமல் இவர் வெளியே போக மாட்டார். இவர் போகாதவரை படமும் முடியாது. அவள் பிடித்த பிடியில் அவள், இவர் பிடித்த பிடியில் இவர்.

இதில் இன்னொரு கூத்து. நடிக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரே உடுப்பு. மிஷின் பிரிந்து கிடக்கிறது. இரண்டு மூன்று நாளில் துணி நாற ஆரம்பித்தது. பழுது பார்க்க வந்தவனுக்கு முன்னால் துணி நாறினால் அந்த மானக்கேட்டை எங்கே போய்ச் சொல்வது? மிஷின்காரர் தானே உட்கார்ந்து கையால் துவைத்தார். பெரியம்மாவின் பூப்போட்ட நைட்டியை உதறி மாடியில் காயப்போட்டதை எதிர்வீட்டுத் தையல்காரர் பார்த்துவிட்டார். அப்புறம் என்ன, தெருவுக்குத் தீனி கிடைத்துவிட்டது.

பெண்டாட்டி போன் செய்தாள்.

"வீட்டுல ஒரு நாள் என் புடவையைப் பிழிஞ்சிருக்கீங்களா? அங்க யாரோ ஒருத்திக்கு நைட்டி அலசுறீங்களாமே!"

"அது பெரியம்மாடி. பாவம், குனிய முடியல."

"ஒரு ரப்பர் மாட்ட ஒரு வாரமா?"

"ரப்பர் உள்ள வரக் கூடாதாம். உடம்புல போட்டிருக்கிறது மட்டும்தான் வரலாமாம்."

"உடம்புல போட்டிருக்கிறதா?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சேருங்க. இல்லேன்னா அங்கேயே குடும்பம் நடத்திக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. ஒரு தடவை அவர் தம்பியை வீட்டுப் பக்கம் வராதே என்றாள். அவன் இன்னமும் தெருமுனையில் நின்றுதான் பேசுகிறான். சனிக்கிழமை காலையில் பழைய ரப்பரை, வீட்டில் கிடந்த பசையால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி ஒட்டிப் பார்த்தார். சமையலறை முழுக்கத் தண்ணீர். டைரக்டர் அதையும் எடுத்துக்கொண்டாள். "நல்லா வருது அண்ணே" என்றாள், அப்போதும் சிரிக்காமல்.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தவள் பெண்டாட்டி. கழுத்தில் தட்டு அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் வளையம்.

பெரியம்மா கதையை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார். "யாரும்மா நீ? கழுத்துல என்ன அது?"

"நகை."

"இவ்வளவு தடிமனாவா?"

"எங்க வீட்டுக்காரர் சம்பாத்தியத்துக்கு இதுதான் வரும்."

மிஷின்காரர் ஓடி வந்து வளையத்தைப் பிடித்தார். அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். வாய் மட்டும் குனியவில்லை.

"பாருங்க. இத்தனை வருஷத்துல என் கழுத்துல ஒண்ணு போட்டதில்ல. நானா போட்டுட்டு வந்ததையும் கழட்டுறார்."

கேமரா பிடித்தவன் சிரித்ததில் படம் குலுங்கியது. ஒரே தடவைதானே, குலுங்கியது குலுங்கியதுதான். வளையம் நகையா பொருளா என்று டைரக்டர் நகத்தைக் கடித்தாள். "போட்டுட்டுதான் வந்தாங்க" என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

பெரியம்மா விடவில்லை. "புருஷனை இப்படி நாலு பேர் முன்னால பேசலாமா?"

"நைட்டியை அடுத்த வீட்டு ஆம்பிளைகிட்ட அலசக் குடுக்கலாமா?"

"முட்டி வலிம்மா!"

"வாய் வலிக்கலையே."

இங்கே இது நடக்க, அங்கே மிஷின்காரர் வளையத்தைப் பொருத்தி, கம்பியை மாட்டி, தகட்டை மூடிச் சுவிட்சைப் போட்டார். மிஷின் சுற்றியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, உங்க காரியம் முடிஞ்சுது. நீங்க போகலாம்" என்றாள் டைரக்டர்.

"வாடி, போகலாம்."

"அக்கா வர முடியாது. அவங்க ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியல."

பெண்டாட்டி டைரக்டரைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்க போங்க. அடுப்புமேல பால் இருக்கு, பூனை வாய் வைக்கப்போகுது" என்றாள்.

நாலாம் நாள் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவரிடம் முடிதிருத்துகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே, அண்ணி வந்து காலரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்களாமே, நெசமா?"

"இழுத்துட்டு வந்தாளா? நான் மிஷினை ஓடவிட்டுட்டு என் கால்ல நடந்து வந்தேன்யா. அவதான் இன்னும் வெளியவே வரல."